தாத்தா, அப்பாயி, கல்லணை

ரொம்ப நாளாச்சு எழுதி. செமஸ்டர், இன்டர்னல், ரெக்கார்ட் நோட்டு என்று வழக்கமான காரணங்கள்தான். போன தடவை சர்வே கேம்ப் பற்றி எழுதினதைப் படிச்சுட்டு, "ஏதாச்சும் உருப்படியா எழுதுடா"ன்னு வகுப்புத் தோழன் ஒருத்தன் அன்பாகச் சொன்னான். இது உருப்படியா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. குடும்பத்தோட கல்லணைக்குப் போய் வந்த கதை இது. அவ்வளவுதானான்னு ஓடிடாதீங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க.

என் அப்பாவோட அப்பா, அம்மா இருப்பது பேராவூரணி பக்கம் ஒரு கிராமத்தில். நாங்கள் இருப்பது திருச்சியில். 2025 ஆகஸ்ட்டில் தாத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்வதற்காக இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஹாலில் ஈசி சேரில் உட்கார்ந்திருந்த தாத்தாவைப் பார்த்தால், பழைய படத்து வில்லன் மாதிரியே இருந்தார் (நேரில் சொல்லவில்லை, எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு).

பத்து நாள் கழித்து டாக்டர், "வெளியில போகலாம், தூசி படக்கூடாது, கண்ணுல தண்ணி படவே கூடாது" என்றார். அதுவரை அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்.

"ஏன்டா தம்பி, கல்லணை இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

"இருபது கிலோமீட்டர்கூட வராது தாத்தா. நீங்க பார்த்ததில்லையா?"

"இல்லை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவுக்கு வயசு 79. கல்லணைத் தண்ணியிலதான் விவசாயம். ஆஸ்பத்திரிக்கும், சமயபுரத்துக்கும், கல்யாணம் காட்சிக்கும் எத்தனையோ தடவை திருச்சிக்கு வந்திருக்கிறார். கல்லணையை மட்டும் பார்த்ததே இல்லையாம். "போகணும்னு தோணும். அறுப்பு வந்துரும், நடவு வந்துரும்" என்றார். அப்பா உடனே, "ஞாயித்துக்கெழம போவோம்பா" என்றார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். இல்லைன்னா மிச்சக் கதை புரியாது. எங்கள் வீட்டில் ஒரு வருஷமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ஊரில் தாத்தாவுக்கு ஐந்து மா நஞ்சை இருக்கிறது. (மூணு மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அப்போ அஞ்சு மா எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்குங்க.) கூடவே கொஞ்சம் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் தோப்பில் முக்கால்வாசி மரம் போயிடுச்சு. அப்போ நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். லீவில் போனபோது தாத்தா விழுந்த மரங்களுக்கு நடுவில் சும்மா நடந்துக்கிட்டே இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. மறுபடி கன்று வைத்தார். இப்போதான் காய்க்க ஆரம்பித்திருக்கிறது.

அப்பா சொல்வது இதுதான். "வயசாயிடுச்சு. நிலத்தை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க." வித்த காசில் ஒரு பங்கு என் காலேஜ் கடைசி வருஷ ஃபீஸுக்கும், தங்கச்சி படிப்புக்கும் ஆகும் என்பதும் அதில் அடக்கம். தாத்தா முடியாது என்கிறார். ஒளிக்காமல் சொல்லிடறேன், நானும் விற்கலாம் கட்சிதான். லோன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

சரி, கொசுவத்தி சுத்தினது போதும். ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்.

அப்பா ஒரு வாடகைக் கார் பிடித்தார். அம்மா விடியற்காலை எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டிவிட்டார். திருவானைக்காவல் வழியாகப் போனோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் போகிற ரோடு அது. உத்தமர்சீலி தாண்டினால் வழியெல்லாம் வாழைத்தோட்டம். தாத்தா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இவனுங்களுக்கு என்னப்பா, கைய நீட்டுனா தண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்று நினைக்கிறேன்.

கல்லணையில் இறங்கியதும் நான் ஆரம்பிச்சுட்டேன். சிவில் படிக்கிற பையன் கல்லணைக்குப் போனால் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருப்பானா? கரிகால் சோழன் கட்டியது, சுமார் இரண்டாயிரம் வருஷம் பழசு, 1080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம் என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். ஆற்று மணலில் பெரிய பாறைகளைப் போட்டால் அது தன் கனத்திலேயே மண்ணுக்குள் இறங்கும். அதன் மேல் இன்னொரு அடுக்கு. அதுவும் இறங்கும். இனிமேல் இறங்காது என்கிற நிலை வரும்வரை போட்டு, நடுவில் களிமண் வைத்து மேலே கட்டியிருக்கிறார்கள். கடினமான தரை கிடைக்காத இடத்தில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றுக்கொண்டார். 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையை ஆரம்பித்தவர் அவர்தான். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

தாத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"இதுல நம்ம ஆறு எது?"

கல்லணைக்குப் போகாதவர்களுக்காக: அங்கே தண்ணீர் நாலாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம். அப்புறம் காவிரி, வெண்ணாறு. தென்கோடியில் கல்லணைக் கால்வாய். ஊரில் எல்லோரும் சொல்வது புதாறு. மற்ற மூன்றும் பழைய ஆறுகள். புதாறு மட்டும் மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து 1930-களில் மனுஷங்க வெட்டியது. தஞ்சாவூர் பெரிய கோயிலை ஒட்டி ஓடுமே, அதேதான். அங்கிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று போய் புதுக்கோட்டை மாவட்டத்தில் முடியும். மொத்தம் 148 கிலோமீட்டர் சுமார். எங்கள் ஊர் கிட்டத்தட்ட வாலில் இருக்கிறது. கடைமடை என்பார்களே, அது. புதாறிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து ஏரி, ஏரியிலிருந்து வயல். எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருவது அப்படித்தான். ஒரே ஒரு போகம் சம்பா.

நான் கைகாட்டியதும் தாத்தா நடக்க ஆரம்பித்துவிட்டார். கரிகாலன் யானை மேல உட்கார்ந்திருக்கிற சிலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கச்சி செல்ஃபிக்காகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பாலத்தில் கூட்டம், வண்டிகள், ஐஸ்காரர்கள். எல்லாவற்றையும் தாண்டிப் போய் புதாறு ஷட்டருக்கு மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அப்புறம் சொன்னார். "எங்கப்பாரு இதுல மண்ணு சொமந்திருக்காரு. சின்னப் பையனா இருக்கறப்ப. பட்டுக்கோட்டைப் பக்கம் வெட்டும்போது கூடையில. கூலிக்குத்தான். ஆனா தண்ணி வரும்னு சொன்னாங்களாம், அதனால ஊரே போச்சாம்."

இருபது வருஷமாக அவர் பேரனாக இருக்கிறேன். இதை நான் கேட்டதே இல்லை.

அங்கே லஸ்கர் ஒருத்தர் நின்றிருந்தார். (ஷட்டரைத் திறந்து மூடி, கரையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தப் பேர்தான்.) தாத்தா அவரிடம் பேச்சுக் கொடுத்தார்.

"ஏன் தம்பி, இப்ப எவ்வளவு விட்டிருக்கீங்க?"

அவர் ஒரு கணக்கைக் கன அடியில் சொன்னார். "எந்த ஊரு பெரியவரே?"

தாத்தா ஊரைச் சொன்னார். லஸ்கர் சிரித்துவிட்டார். "அய்யய்யோ, கடைசியா? இன்னும் வந்திருக்காதே!"

"வரலைதான். நீங்க தொறந்த அன்னிக்கே டிவியில பாத்தேன். நாங்க வாய்க்கால்ல போயி பாத்துட்டுப் பாத்துட்டு வரோம்."

2025-ல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள். ஜூன் 15-ல் கல்லணையைத் திறந்தார்கள். டிவியில் பூத் தூவியதைக் காட்டினார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அதோட அந்தச் செய்தி முடிந்துவிட்டது. அங்கிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல், வழியில் இருக்கிற மதகுகள், முறைப்பாசனம், ஏரிகள், அடைப்புகள் எல்லாவற்றையும் தாண்டி ஒரு வயலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. இதில் நான் நீர்ப்பாசனப் பாடத்தில் நல்ல மார்க் வேறு.

2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம் தொடர்ந்து ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் மறுபடி திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரைக்கும் தள்ளிப்போனது. தாத்தா இதையெல்லாம் தேதி சொல்லிச் சொல்ல மாட்டார். "உங்க அத்தை பொண்ணு கல்யாணத்தப்ப", "நீ பத்தாவது எழுதுனியே அந்த வருஷம்" என்றுதான் கணக்கு. நான் பிறகு சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

நான் சும்மா இருக்காமல், "இப்பதான் கால்வாய்க்கு அடியில, பக்கத்துல எல்லாம் கான்கிரீட் போடறாங்களே தாத்தா. 2,600 கோடிக்கு மேல திட்டம். தண்ணி பூமிக்குள்ள இறங்காது. வீணாகாம கடைசிவரைக்கும் வேகமா வந்துரும்" என்றேன். பாடத்தில் அப்படித்தான். கசிவு என்றால் நஷ்டம்.

"எனக்கு வரும். சரி. வழியில கரையோரம் கெணறும் போரும் வெச்சிருக்கவன் இருக்கானே, அவனுக்கு? அந்த ஊத்துத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

நான் முழித்தேன். ஒருத்தருக்கு நஷ்டமாகக் கணக்கெழுதுகிற கசிவுதான் இன்னொருத்தருக்குக் கிணறு. கான்கிரீட் வேண்டாம் என்று வழியில் இருக்கிற ஊர்களில் போராட்டம் நடந்தபோது, "இவங்களுக்கு எது செஞ்சாலும் எதிர்ப்புதான்"னு ஹாஸ்டலில் நான் பேசியிருக்கேன். கான்கிரீட் போட்டால் லாபமடைகிற கடைமடைக்காரர் ஒருத்தரே இதைக் கேட்டதுதான் எனக்கு என்னமோ போலானது. கான்கிரீட் கூடாது என்று அவர் சொல்லவில்லை. "கணக்குல அவனையும் சேத்துக்க" என்றார், அவ்வளவுதான்.

கொஞ்சம் கீழே நடந்து போனால் தண்ணீருக்கு இறங்குகிற மாதிரி படி இருந்தது. தாத்தா இறங்கப் போனார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினார். அதை முகத்தில் அடிக்கப் போனவரை அப்பாயி மேலே இருந்து ஒரு சத்தம் போட்டார் பாருங்க, அந்தப் பக்கம் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணுல படக்கூடாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொல்லல?" தாத்தா திருட்டு முழி முழித்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கழுத்திலும் கையிலும் தடவிக்கொண்டார்.

மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கே மீன் வறுத்து விற்கிற கடைகள் உண்டு. அப்பாயிக்கு மீன் என்றால் போதும். இரண்டு துண்டு வாங்கிக் கொடுத்தேன். முள்ளை எடுத்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை ஒருபக்கம் வைத்துக்கொண்டு அப்பாவும் தாத்தாவும் மறுபடி அதே பேச்சை ஆரம்பித்தார்கள்.

அப்பா, "பாத்தாச்சுல்லப்பா. இந்தத் தண்ணிய நம்பி இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப்போறீங்க? கண்ணும் போயி, காலும் போயி..."

தாத்தா, "கண்ணுதான் இப்ப தெரியுதே."

அப்பா, "அதுக்கில்லப்பா..."

தாத்தா, "எங்கப்பாரு சொமந்தது, நான் வித்துட்டு வரவா?"

எனக்கு அப்போது தாத்தா பக்கம் சாய்ந்துவிட்டது மனசு. காலையில் விற்கலாம் கட்சி, மத்தியானம் விற்கக்கூடாது கட்சி. நம்ம ஊர் அரசியல்வாதி தோத்தான் போங்க. நான் வாயைத் திறந்து, "தாத்தா சொல்றதும் சரிதானேப்பா" என்றேன். சினிமாவில் வருகிற மாதிரி உருக்கமான ஒரு கட்டம் வரும் என்று நினைத்தேன்.

அப்பாயி கையை அலசிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எல்லாரும் பேசுறீங்க. என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்றார்.

எல்லோரும் அமைதியாகிவிட்டோம்.

"எனக்கு இங்க இருக்கப் புடிச்சிருக்கு. குழாயத் தொறந்தா தண்ணி வருது. ராத்திரி நெஞ்சு வலிச்சா ஆசுபத்திரி இருக்கு. அவரு ஆத்துத் தண்ணியப் பாக்குறாரு. நான் கொடத்துத் தண்ணியத்தான் பாத்தேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இடுப்புல கொடம். கஜா புயலப்ப கரண்டு இல்லாம இருந்தமே, அப்ப எத்தன நாளு நடந்தேன்னு இவருக்குத் தெரியுமா? அவருக்கு மரம் போன கவலை. எனக்கு மோட்டாரு ஓடலையேன்னு கவலை."

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். அம்மா மட்டும், "அத்தை சொல்றதுல என்ன தப்பு?" என்று மெதுவாகச் சொன்னார். அம்மா மாமனார் முன்னால் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிலத்தைப் பற்றி ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் பேசுகிறோம். அப்பா சொன்னதைக் கேட்டேன், தாத்தா சொன்னதைக் கேட்டேன், எனக்கும் ஒரு கருத்து வைத்திருந்தேன். தங்கச்சிக்குக்கூட ஒரு கருத்து உண்டு. அப்பாயிக்கு ஒரு கருத்து இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. அவர் தாத்தாவோடு இருப்பார், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டோம். கிணற்றுக்காரனைக் கணக்கில் சேர்க்கச் சொன்ன தாத்தாவும் அப்பாயியைச் சேர்க்கவில்லை. நானும் சேர்க்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. கொள்ளிடத்திலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. "கடலுக்குப் போவுது பாரு" என்றார் தாத்தா. வெள்ளத்தை வாங்கிக்கொள்ளத்தான் அந்த ஆறு, இல்லாவிட்டால் டெல்டாவே மூழ்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாததா? திருவானைக்காவல் வந்ததும் தாத்தா முன்சீட்டில் இருந்தபடியே, திரும்பாமல், "மழைக்காலத்துல ரெண்டு மாசம் இங்க வந்து இருக்கியா?" என்றார். யாரைக் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் எங்களுக்குப் புரியவில்லை. அப்பாயிக்குப் புரிந்தது. "பாப்போம்" என்றார்.

அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இப்போதைக்கு முடிவு இதுதான்: தை அறுப்பு வரைக்கும் விற்கிற பேச்சு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அப்பாயி எங்கள் வீட்டில். என் ஃபீஸ்? லோன்தான். (வட்டி எவ்வளவுன்னு கேட்டு வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க.) தை அறுப்புக்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாது. விற்றாலும் விற்பார்கள். விற்றால் தப்பு என்று இப்போது என்னால் சொல்ல முடியாது, விற்காவிட்டால் தப்பு என்றும் சொல்ல முடியாது.

ஊருக்குப் போய் பன்னிரண்டு நாள் கழித்து தாத்தாவுக்குப் போன் செய்தேன். "என்ன தாத்தா, தண்ணி வந்துருச்சா?"

"நீயும் நானும் பாத்தமே, அந்தத் தண்ணி இன்னும் வரல. வந்துரும். முந்தாநாளு மேல் மடை வரைக்கும் வந்துருச்சாம்" என்றார். பின்னால் அப்பாயி குரல் கேட்டது. "மொதல்ல கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கச் சொல்லு அவர!"

கடைசி வருஷ பிராஜெக்ட்டுக்கு ஏதாவது மாலுக்கு பார்க்கிங் டிசைன் செய்யலாம் என்று எங்கள் குழுவில் பேசி வைத்திருந்தோம். எங்கள் ஊர் ஏரிக்கு வருகிற அந்தக் கிளை வாய்க்காலை அளந்து, தண்ணீர் எங்கே எங்கே தங்குகிறது என்று பார்க்கலாமா என்று இப்போது கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் இதைப் படித்துக்கொண்டிருப்பான் என்று தெரியும். மாப்ளே, சாப்பாடு எங்க அப்பாயி பொறுப்பு. மீன் குழம்பு. யோசிச்சுச் சொல்லு.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டி இருந்தால் எங்கேயாவது ஆறு, குளம், கடல் என்று ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்க. வழியில் நீங்கள் புத்தகத்தை ஒப்பிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நல்லது (சொந்த அனுபவம்). இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்க.